வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ்: கடலோரத்தில் செய்வது எப்படி?

தொண்டி, மண்டபம் பக்கம் இருந்து வாரம் மூன்று தடவை பஸ் ஏறி டயாலிசிஸுக்கு அலைகிறவர்கள், வயிற்று வழியாகச் செய்யும் முறை ஒத்துவருமா என்று சிறுநீரக டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, செய்முறையையும் கற்றுத் தருவார்கள். பெரும்பாலும் 2 லிட்டர் டயாலிசிஸ் நீர்ப் பை, நாளுக்கு மூன்று நான்கு முறை. வயிற்றிலிருக்கும் பழைய நீரைக் குழாய் வழியே வடித்துப் புதியதை ஏற்ற ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும்.

நம்ம பக்கம் பெரிய தொல்லை காற்றுதான். கச்சான் அடிக்கும்போது மணல் தூசி இண்டு இடுக்கெல்லாம் வந்துவிடும், அதனால் ஜன்னல் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்ட பிறகே பையைத் தொடுங்கள். கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கை கழுவவென்றே காவிரித் தண்ணீரைத் தனிக் குடத்தில் மூடி வையுங்கள், கழுவியபின் ஈரம் போகத் துடையுங்கள்.

அப்புறம், வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. கஞ்சித்தண்ணி கலந்த மாதிரி கலங்கியிருந்தால் தொற்றாக இருக்கலாம்; வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே அந்தப் பையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

நீரோடு புரதமும் போய்விடும் என்பதால் மீன், முட்டை வெள்ளைக்கரு வேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் குழாயோடு முழுகாதீர்கள், தலையில் தெளித்துக்கொள்ளுங்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.