உப்புக் காற்றில் பட்ஜி வளர்க்கும் முறை

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் செல்லப் பறவைக் கடைக்குப் போய் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது முறை பட்ஜி (பட்ஜரிகர்) என்னும் சிறு கிளியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, வால் குட்டையான வேறொரு கிளியினம். பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்ட் என்னும் பறவையியலாளர் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற பிறகே அது வீடுகளில் வளர்க்கும் பறவையாகப் பரவியது. இந்தத் தாயகச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வறண்ட வெப்பத்துக்குப் பழகிய இனம் என்பதால், நிழலும் காற்றோட்டமும் நீரும் இருந்தால் நம் ஊர் வெயிலை அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதற்குப் பழக்கமில்லாதவை காற்றிலும் தண்ணீரிலும் நம் கரையில் கலந்திருக்கும் உப்பும், மழைக்காலத்து ஈரமுமே.

பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கடைக்காரர் மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் கிளிக்குஞ்சு பக்கம் திரும்ப வேண்டாம்.

பறவையைத் தேர்ந்தெடுக்கக் காலை நேரத்தில் செல்ல வேண்டும். உச்சி வெயிலில் எல்லாப் பறவைகளும் தூங்கி வழியும் என்பதால், சோம்பலுக்கும் நோய்க்கும் வேறுபாடு தெரியாது. கூண்டின் அருகே போனதும் விலகிப் பறக்கிற, உடலோடு ஒட்டிய இறகும் தெளிந்த கண்ணும் உடைய பறவையே வேண்டும். உடலைப் பந்து போல உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, எச்சத் துளையைச் சுற்றி இறகு அழுக்காக ஒட்டியிருப்பது ஆகியவை நோயின் அடையாளங்கள். அலகின் ஓரத்திலும் கால்களிலும் சுண்ணாம்பு பூசியது போலப் பொருக்கு படிந்திருந்தால் அது சிற்றுண்ணியின் வேலை. அந்தப் பறவையை மட்டுமல்ல, அதே கூண்டில் இருக்கும் மற்றவற்றையும் விட்டுவிட வேண்டும்.

நெற்றியிலிருந்து அலகு வரை கறுப்புக் கோடுகள் ஓடினால் அது மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட இளம் பறவை. கைக்குப் பழக்க ஏற்றது. வளர்ந்த ஆணுக்கு மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தசை நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவோ வெளிறியோ இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளை நிறப் பறவைகளில் ஆணுக்கும் அது இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும் என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. பட்ஜி கூட்டமாக வாழும் பறவை; ஒன்றை மட்டும் வாங்கினால் அதன் துணையாக நாள் முழுவதும் நாமே இருக்க வேண்டியிருக்கும். குஞ்சு வேண்டாம் என்பவர்கள் இரண்டு ஆண்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெண்கள் பெரும்பாலும் சண்டையிடும்.

கூண்டு வாங்குவதில்தான் நான் தவறு செய்தேன். மலிவாகக் கிடைத்த துத்தநாகம் பூசிய கம்பிக் கூண்டை வாங்கி, கடலைப் பார்த்த திண்ணையில் தொங்கவிட்டேன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஒரு பருவம் முடிவதற்குள் கம்பியில் வெள்ளைப் பொடி பூத்தது. பட்ஜிக்கு எதையும் கொறிக்கும் பழக்கம் உண்டு. துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் அதற்கு நஞ்சு. துருப்பிடிக்காத எஃகுக் கூண்டோ, தரமான வண்ணப் பூச்சுக் கூண்டோ வாங்கி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணியை நனைத்துக் கம்பிகளைத் துடைக்க வேண்டும். ஒரு இணைக்குக் குறைந்தது இரண்டடி நீளம் தேவை. பறவை பக்கவாட்டில் பறப்பதால் உயரத்தைவிட நீளமே முக்கியம். கம்பிகளுக்கு இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கடையில் கொடுக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, தடிமன் மாறி மாறி இருக்கும் வேம்பு, கொய்யாக் கிளைகளைக் கழுவிக் காயவைத்துக் கட்டினால் கால் புண்ணாகாது. விளையாட்டுப் பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சாயமேற்றாத பனை ஓலையை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கட்டித் தொங்கவிட்டால், அதைப் பிய்த்துக்கொண்டே பாதி நாளைக் கழிக்கும்.

கூண்டை வீட்டுக்குள், ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி, கண் மட்ட உயரத்தில் வைக்க வேண்டும். கச்சான் நேரே வீசும் சன்னல், தகரக் கூரையின் அடி, மொட்டை மாடி ஆகியவை ஆகாது. சமையலறை அதைவிட மோசம். பறவையின் நுரையீரல் நுட்பமானது; அளவுக்கு மீறிச் சூடேறிய நான்-ஸ்டிக் சட்டியின் ஆவி சில நிமிடங்களில் அதைக் கொன்றுவிடும். மீன் பொரிக்கும் புகை, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் அதன் அருகில் வேண்டாம். சிறகை உடலிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதற்கு வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, தட்டையான கிண்ணத்தில் குளிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டும் அமைதியும் தேவை. மீன் வாசத்துக்குத் தெருவெல்லாம் பூனை சுற்றும் ஊர்களில் கூண்டின் கதவுக்குக் கொக்கி அவசியம்.

தினைதான் அடிப்படை உணவு. அதோடு சாமை, கம்பு, நம் மாவட்டத்திலேயே விளையும் குதிரைவாலி ஆகியவற்றைக் கலக்கலாம். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி போதும். உமியை உரித்துவிட்டுப் பருப்பை மட்டும் தின்பதால், கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தோன்றினாலும் உள்ளே வெறும் உமியே கிடக்கலாம். தினமும் ஊதிப் பார்க்காவிட்டால் பறவை பட்டினி கிடக்கும். வாடைக் காலத்தில் தானியம் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். எனவே பதினைந்து நாளுக்கு உரியதை மட்டும் வாங்கி, இறுக மூடிய டப்பாவில் வைத்து, புழுங்கிய வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். தானியம் மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும். ஆகவே முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் ஆகியவற்றில் ஒன்றைத் தினமும் கொடுத்து, மிஞ்சியதை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அவகாடோ, சாக்லேட், வெங்காயம், உப்பிட்ட எதுவும் கூடாது. கருவாட்டுத் துண்டை ஆசையாக நீட்டும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் விற்கும் வெள்ளை ஓடு வேறொன்றுமில்லை, நம் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடுதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்பார்கள். எண்ணெய்க் கறை படியாத, முழுதாக உள்ள ஓட்டைப் பொறுக்கி, ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பு இறங்கிய பிறகு கடும் வெயிலில் வாசனை போகும்வரை காயவைக்க வேண்டும். மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கட்டிவிட்டால் மாதக்கணக்கில் வரும்.

குடிநீரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கரையோரக் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் உவர்ப்பு என்பதால், நாம் குடம் கணக்கில் வாங்கிக் குடிக்கும் அதே நல்ல தண்ணீரையே காலையும் மாலையும் மாற்றி வைக்க வேண்டும்.

பட்ஜி நோயைக் கடைசிவரை மறைக்கும். ஆரோக்கியமான பறவை 30 முதல் 40 கிராம் எடை இருக்கும். வாரம் ஒருமுறை சிறு மின்னணுத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை இறங்குவது தெரிந்துவிடும். நோயுற்றதைத் தனியே பிரித்து, கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்படி செய்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம். புதிதாக வாங்கிய பறவையை முப்பது நாள் வேறு அறையில் வைத்த பிறகே பழையவற்றோடு சேர்க்கலாம். எச்சத்தைச் சுத்தம் செய்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது நம் நலனுக்கும் தேவை.

பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையைக் கட்டிவிட்டால் பெண் பறவை முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு வயது நிறையாத பறவைக்குப் பானை வைக்கக் கூடாது. நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினெட்டு நாளில் பொரியும். குஞ்சுகள் ஐந்து வாரத்தில் வெளிவரும். பானை அங்கேயே இருந்தால் தாய் ஓய்வின்றி இட்டுக்கொண்டே போய், முட்டை வெளிவராமல் அடைத்து இறந்துவிடவும் கூடும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு ஈடு குஞ்சு பொரித்து முடிந்ததும் பானையைக் கழற்றி, கழுவி, அடுத்த பருவம் வரை கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.