பேனல் வெயிலில், பேட்டரி பட்டினியில்: கேம்பர்வேன் சோலாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் கேம்பர்வேன், அதாவது உள்ளேயே தங்கித் தூங்கும் வசதி உள்ள வண்டி, எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும்: நல்ல இடங்கள் பலவற்றில் கரண்ட் இணைப்பு இருக்காது. கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் ஏற்பாட்டில், ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கவிடாத பண்ணை இடங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்ட ஓர் இடமும் தவிர வேறு வசதி இல்லாதவை அவற்றில் நிறைய. அந்த மாதிரி இடங்களுக்காகத்தான் மடக்கி எடுத்துப்போகும் சோலார் பேனலை ஆசையாக வாங்குகிறோம். இரண்டாவது ராத்திரியே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் உடனே பேனல் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பேனல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள ஒயர், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், அதன் செட்டிங் ஆகியவற்றில்தான் கோளாறு இருக்கும்; அதைக் காசு அதிகம் செலவழிக்காமலே சரிசெய்யலாம்.

முதலில் கணக்கு. லெஷர் பேட்டரி என்பது வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி அல்ல. பின்னால் இருக்கும் விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப் இவற்றுக்கான தனி 12 வோல்ட் பேட்டரி. 100 ஏஹெச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) என்று எழுதியிருக்கும் ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம், அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ் கோடை நாளில் 30 முதல் 40 ஏஹெச் தின்னும், விளக்கும் போனும் பம்பும் சேர்ந்தால் இன்னும் ஐந்து, பத்து. சரி, வருவது எவ்வளவு? தெற்கு இங்கிலாந்தில், ஜூன் மாதம், ஒழுங்காகச் சாய்த்து வைத்த 100 வாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 400 வாட்-அவர் அளவு தரும், அதாவது சுமார் 30 ஏஹெச். அதே பேனல் டிசம்பரில் 80 வாட்-அவர் தந்தால் பெரிது, ஆறேழு ஏஹெச்தான்.

வெயிலைப் பற்றிய நம் உள்ளுணர்வும் இங்கே ஏமாற்றும். சென்னையில் டிசம்பர் கடைசியில்கூட நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. லண்டனில் அதே நாளில் 15 டிகிரி, வடக்கு ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ்ஸில் 9. எதிரே ஒரு வேலி இருந்தாலே மறைத்துவிடும். ஆகவே "வெயில் அடிக்கிறதே, சார்ஜ் ஏறிவிடும்" என்று குளிர்காலத்தில் நம்பக் கூடாது. பெரிய பேனலாக வாங்கினால் சமாளித்துவிடலாம் என்று நவம்பர் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் அந்தப் பணத்தை கரண்ட் இணைப்புள்ள இடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

இந்தக் கணக்கிலேயே ஒரு பெரிய ஓட்டை: கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ். 12 வோல்ட்டில் அது 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் ஓய்வே இல்லாமல். வண்டி ஓடும்போது என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுப்பதை வைத்து ஓடத்தான் அந்த வசதி இருக்கிறது. நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எந்த பேனலும் ஈடுகொடுக்காது. இன்வெர்ட்டரில் மின்சாரக் கெட்டிலைச் செருகுவதும் அப்படித்தான். 1000 வாட் கெட்டில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80, 90 ஆம்பியரை உருவும்.

பேனல் வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள வாட் எண்ணை நம்பாமல் ஒரு அளவு நாடாவை எடுங்கள். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட். இன்றைய நல்ல செல்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஆகவே ஒரு சதுர மீட்டர் செல்லுக்கு 200 வாட், கொஞ்சம் முன்னே பின்னே. விரித்தால் அரை சதுர மீட்டர்கூட இல்லாத பேனலில் 200 வாட் என்று போட்டிருந்தால் அது நடக்காத காரியம். பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படியுங்கள்: உண்மையான 100 வாட் பேனலில் வேலை செய்யும் வோல்ட் 18 பக்கமும், கரண்ட் ஐந்தரை ஆம்பியர் பக்கமும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் வந்துவிட வேண்டும். வராவிட்டால், அல்லது ஸ்டிக்கரே இல்லாவிட்டால், வாங்காதீர்கள்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் தவறு. சூட்கேஸ் மாதிரி மடங்கும் பேனல்களில் பலவற்றுக்குப் பின்பக்கத்திலேயே சார்ஜ் கன்ட்ரோலரைத் திருகி வைத்து விற்கிறார்கள். பார்க்க வசதியாகத்தான் இருக்கும், விரித்து இரண்டு கிளிப்பை பேட்டரியில் மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் கன்ட்ரோலர் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கம். ஏன் என்று எண்ணில் பார்ப்போம். வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு பேனலைத் தள்ளி வெயிலில் வைக்க 10 மீட்டர் ஒயர் போடுகிறீர்கள், 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன். போக 10, வர 10 என்று மொத்தம் 20 மீட்டர் செம்பு, மின்தடை 0.24 ஓம் அளவு. அதில் 5 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பேனல் முதுகில் இருக்கும் கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட் இருப்பதைப் பார்த்து "பேட்டரி நிறைந்துகொண்டு வருகிறது" என்று நினைத்துக்கொள்ளும். பேட்டரியின் முனையில் 13.2 தான் இருக்கும். நேரக் கணக்கை வைத்து அடுத்த கட்டத்துக்குப் போகும் கன்ட்ரோலராக இருந்தால் பேட்டரி நிறையும் முன்பே சார்ஜைக் குறைத்துவிடும். பச்சை விளக்கு எரிகிறது, பேட்டரியோ முக்கால் வயிற்றோடு கிடக்கிறது.

அதே ஒயரை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை மட்டும் வண்டிக்குள் பேட்டரி பக்கத்தில் மாற்றினால் என்ன ஆகும்? இழப்பு அதே 1.2 வோல்ட்தான், ஆனால் இப்போது அது பேனலின் 18 வோல்ட்டிலிருந்து கழிகிறது. கன்ட்ரோலருக்கு வந்து சேரும் 16.8 வோல்ட் தாராளம். பேட்டரி முனையில் இருக்கும் வோல்ட்டை அது ஏறக்குறைய நேராகவே பார்க்கிறது, சரியான சார்ஜ் கிடைக்கிறது. அதனால் என் யோசனை: கன்ட்ரோலர் இல்லாத வெறும் பேனலை வாங்குங்கள், நல்ல கன்ட்ரோலர் ஒன்றை பேட்டரி அருகில் நிரந்தரமாகப் பொருத்துங்கள், வண்டியின் வெளிச்சுவரில் தண்ணீர் புகாத சாக்கெட் ஒன்றை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே கன்ட்ரோலரோடு வாங்கியாகிவிட்டதா? பெரும்பாலான பேனல்களில் அதைக் கழற்றி எடுத்து இடம் மாற்றலாம், அரை மணி நேர வேலை. ஒயரை 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

கன்ட்ரோலரிலும் இரண்டு வகை. விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை பேனலின் வோல்ட்டை பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். ஐந்தரை ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கினால் 72 வாட், மீதி வீண். எம்பிபிடி வகை அந்த உபரி வோல்ட்டைக் கரண்டாக மாற்றித் தரும். ஒற்றை 100 வாட் பேனலை வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் விரிக்கிறவருக்கு பிடபிள்யூஎம் போதும். அதற்கு மேல் என்றால் எம்பிபிடிக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கன்ட்ரோலர் வைத்துவிடுவதும் நிறைய நடக்கிறது. வண்டியின் வெளிப்புற சோலார் சாக்கெட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலர் இருக்கும். பேனலின் முதுகில் இன்னொன்று. பேனலில் இருப்பது பேட்டரியைத் தேடும், எதிரே பேட்டரிக்குப் பதில் இன்னொரு கன்ட்ரோலர் நிற்கும், இரண்டும் குழம்பி ஒன்றும் ஏறாது, அல்லது அரைகுறையாக ஏறும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம்: சாக்கெட் நேராக பேட்டரிக்குப் போகிறது என்று தெரியாமல் வெறும் பேனலை மாட்டிவிடுவது. கட்டுப்பாடு இல்லாத பேனல் பேட்டரியை 15 வோல்ட்டுக்கு மேலே தள்ளிக் கொதிக்கவைக்கும். வண்டி வாங்கியதும் அந்த சாக்கெட்டின் ஒயர் எங்கே போகிறது என்று ஒரு முறை கையால் தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் உள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பேனலைச் செருகுவது இன்னொன்று. பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் அது செத்துவிடும். உயிரோடு இருந்தாலும் அது போய்ச் சேர்வது என்ஜின் பேட்டரிக்கு, லெஷர் பேட்டரிக்கு அல்ல.

இணைக்கும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பேட்டரியை கன்ட்ரோலரோடு, அப்புறம் பேனலை. கழற்றும்போது பேனல் முதலில். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் எந்த வோல்ட் பேட்டரி என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது, சில மாடல்கள் பழுதாகவும் செய்யும். பிளஸ் மைனஸ் சரிபார்க்க மல்டிமீட்டர் அவசியம். குறிப்பாக எஸ்ஏஇ என்ற தட்டையான இரண்டு முனை பிளக்கில் ஒரு கம்பெனி பிளஸ் வைக்கும் பக்கத்தில் இன்னொரு கம்பெனி மைனஸ் வைக்கிறது, பிளக் அழகாகப் பொருந்திவிடுகிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. இதற்காகவே தலைகீழாக்கும் அடாப்டர் கடையில் கிடைக்கிறது.

ஃபியூஸ் போடாமல் விடுவதை மட்டும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பேனல் தரும் கரண்ட் ஐந்தாறு ஆம்பியர்தான், அதற்கு எதற்கு ஃபியூஸ் என்று கேட்கிறார்கள். ஆபத்து பேனலிலிருந்து வரவில்லை. ஒயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால் பேட்டரி அதே ஒயர் வழியாக நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், சில நொடிகளில் ஒயர் சிவக்கும், பக்கத்தில் இருப்பது மெத்தையும் மரப்பலகையும். பேட்டரியின் பிளஸ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஒரு ஃபியூஸ், 100 வாட் பேனலுக்கு 10 ஆம்பியர் போதும். ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போடாதீர்கள். குழந்தைகளோடு தூங்கும் வண்டி அது.

கன்ட்ரோலரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் செட்டிங்கைப் பலர் தொடுவதே இல்லை. ஜெல், ஏஜிஎம் இரண்டும் மூடி அடைத்த ஈய-அமில வகைகள்: ஜெல் பேட்டரிக்கு 14.1, 14.2 வோல்ட் போதும், ஏஜிஎம் 14.4க்கு மேல் கேட்கும். லித்தியம் பேட்டரிக்கு 14.2 முதல் 14.6 வரை. சரியான எண் பேட்டரியின் மேலேயோ கூட வந்த தாளிலேயோ இருக்கும். லித்தியத்தில் இன்னொரு கண்டிப்பு உண்டு: செல்லின் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியில் உள்ளிருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று தானே துண்டித்துவிடும், மலிவானதில் அந்தக் காவல் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் ஏப்ரல் காலையில்கூட தண்ணீர் உறைந்து கிடக்கும், வண்டிக்கு அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டி உட்புறத்தை விடக் குளிரும்.

"டிஸ்ப்ளேயில் 14.4 காட்டுகிறது, ஃபுல்" என்பதும் தவறு. அது பேனல் தள்ளிக்கொண்டிருக்கும்போது தெரியும் வோல்ட். பேனலைக் கழற்றி, எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் ஈய-அமில பேட்டரியில் 12.7 இருந்தால்தான் நிறைவு, 12.2 என்றால் பாதி. இந்த வகை பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும், பேனலைப் பெரிதாக்கினாலும் அதற்கு மணிக்கணக்கு வேண்டும். அதனால் மதியம் சாப்பிட்டுவிட்டு பேனலை விரிக்காமல் காலை காபிக்கு முன்பே விரித்துவிடுங்கள். நாள் கணக்கில் அரைகுறையாகவே விட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு சுருங்கிப்போகும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு இளைத்துப்போகுமே, அதே நோய்.

பேனலை வைக்கும் விதத்துக்கு வருவோம். கண்ணாடிக்கு உள்ளே டேஷ்போர்டில் வைத்தால் பாதிக்கும் மேல் போய்விடலாம். தரையில் தட்டையாகப் போடுவதும் வேண்டாம், தெற்கு நோக்கிச் சாய்த்து, காலை, மதியம், மாலை என்று சூரியனோடு திருப்புங்கள். கூரையில் ஒட்டிய பேனலுக்கு இல்லாத வசதி இதுதான், அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம். செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு துணி உலர்த்தும் கயிற்றின் நிழல், ஒரு நாற்காலியின் முதுகு நிழல் விழுந்தாலே அந்தப் பகுதி முழுவதும் படுத்துவிடும். ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையில், டர்னெஸ் மாதிரி திறந்த இடங்களில், காற்று பேனலைப் பாய்மரம் போலத் தூக்கிக் கவிழ்க்கும், கால்களைக் கூடார முளையால் தரையோடு கட்டிவிடுங்கள். துணி உறை போட்ட பேனல்களின் பின்பக்கப் பெட்டி மழை தாங்காது என்றால் தூறல் வரும்போதே மடக்கிவிட வேண்டும்.

சாலையோரம் தங்கும்போது பேனலை வெளியே பரப்பாதீர்கள். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் நடமாட்ட உரிமை கூடாரத்தோடு நடந்து போகிறவர்களுக்கு உண்டு, மோட்டார் வண்டிக்கு இல்லை. நிறுத்தியிருப்பதும் முகாம் போட்டிருப்பதும் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு வேறு வேறு. பேனலும் நாற்காலியும் வெளியே வந்துவிட்டால் இரண்டாவது.

குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கிறவர்கள் அலாரமும் டிராக்கரும் இரவும் பகலும் உறிஞ்சுகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். நன்றாக இறங்கிய ஈய-அமில பேட்டரியின் அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிடும், மைனஸ் 10 டிகிரி வருவதற்குள்ளேயே உறைந்து பெட்டி பிளக்கலாம். நிறைந்த பேட்டரிக்கு அந்தப் பயம் இல்லை. ஜன்னலில் சாய்த்துவைத்த பேனல் ஜனவரியில் இதற்குப் போதாது. மாதம் ஒரு முறை வீட்டு கரண்டில் மாட்டி ஒரு நாள் முழுக்க ஏற்றிவிடுங்கள். அதற்கும் வழி இல்லாத தெருவில் வண்டி நிற்கிறதென்றால் பேட்டரியை நிறைத்து, மைனஸ் முனையைக் கழற்றி வைத்துவிடுங்கள், மார்ச் வரை தாங்கும்.