நெல்லையிலிருந்து அந்தமான்: ஃபெர்ரியை வைத்துத்தான் நாள் கணக்கு

அந்தமான் போவதென்றால் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் மாதத்தைப் பாருங்கள். குற்றாலத்தில் சாரல் விழ ஜூன் ஆகும். அதே தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலில் மே 20-ஐ ஒட்டியே இறங்கிவிடும். ஆகவே முழுப்பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசிக்கும் மே 10-க்கும் நடுவில் போய்த் திரும்பிவிடுங்கள். அரையாண்டு லீவும் பொங்கலும் இன்னும் நல்ல காலம்தான். கூட்டமும் கட்டணமும் கூடுதலாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் முதலில் நிற்பது தீவுகளுக்கு இடையே ஓடும் ஃபெர்ரிதான்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். ஒரு வார லீவுக்கு அது ஒத்துவராது. நம் ஊர்க்காரர்கள் சறுக்குவது சென்னையில்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் விடியற்காலை போய் இறங்கி, அன்று காலையே விமானம் என்று போட்டுவிடுகிறார்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் விமானம் போய்விடும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் பணம் கேட்கவும் வழியில்லை. முந்தின நாள் காலை வந்தே பாரத்தில் கிளம்பி, பிற்பகலில் தாம்பரத்தில் இறங்கித் தங்குங்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே விமான நிலையம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதனால் விமானத்தை முதலில் எடுத்துவிட்டு, ரயிலுக்கு அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

விமானத்துக்கு அடுத்து எடுக்க வேண்டியது ஃபெர்ரி. அறைக்கு அதற்குப் பிறகு முன்பணம் கட்டினால் போதும். அறை எப்படியும் ஒன்று கிடைக்கும். சீசனில் ஃபெர்ரி இருக்கை கிடைக்காது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு (சுவராஜ் தீவு) தனியார் ஃபெர்ரியில் ஒன்றரை மணி நேரம், அரசு ஃபெர்ரியில் இரண்டரை வரை ஆகும். ஆறு இரவு என்றால் இப்படிப் பிரியுங்கள்: முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு ஹேவ்லாக், ஒன்று நீல் (ஷகீத் தீவு), கடைசி இரண்டு திரும்பவும் போர்ட் பிளேர். கடைசி இரண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். கடல் கொந்தளித்து ஒரு நாள் ஃபெர்ரி ஓடாவிட்டாலும் விமானத்தைப் பிடிக்கலாம். செல்லுலார் சிறை, ராஸ் தீவு இரண்டையும் அந்தக் கடைசி நாளுக்கு ஒதுக்கினால் அது வீணும் போகாது.

அங்கே சூரியனுக்கு அவசரம். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். நெல்லையில் அப்போது இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து 5 மணிக்கு ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குப் புறப்பட்டால் இருட்டைத்தான் பார்க்கலாம். 3.30-க்கு அங்கே இருங்கள். காலை 5-க்கு எழுந்துகொள்ளுங்கள்.

நீல் தீவில் நேரத்தை முடிவு செய்வது வற்றம். அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்குத் தண்ணீர் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். அந்த நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சின்ன மீன், கடல் அட்டை, நண்டு எல்லாம் குனிந்தாலே தெரியும். ஏற்றத்தில் போனால் அத்தனையும் தண்ணீருக்கடியில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் அதிகமாக வற்றும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தின நாள் இரவே விடுதியில் கேட்டுவிடுங்கள். பாறை கூர்மையானது, பாசியும் வழுக்கும். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு போடுங்கள்.

ஃபெர்ரியில் வாந்தி வருவது ஆட்டத்தால்தான், வெறும் வயிறும் நிறைந்த வயிறும் அதைக் கூட்டும். இரண்டு இட்லி போதும். பயண வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரும், பரவாயில்லை. குழந்தைகளுக்கு அளவை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். நடுவிலோ பின்னாலோ உட்காருங்கள்.

இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை, அசல் ஆதார் போதும். நிக்கோபார் சுற்றுலாவுக்குத் திறந்ததல்ல. தீவுகளில் ஏடிஎம் குறைவு, பணம் எடுத்துச் செல்லுங்கள். பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிஸ்கட்கூட நீட்டக் கூடாது. அவர்களை வேடிக்கை பார்க்கவென்றே போகிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள்.

ஸ்கூபா (மூச்சுக் கருவியோடு கடலுக்கடியில் இறங்குவது) ஆசை இருந்தால் ஹேவ்லாக்கின் முதல் நாளில் முடித்துவிடுங்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேறுமுன் விமானம் ஏறினால் குமிழியாகி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு முறை இறங்கியதற்குக் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள், அது உயிர். கரையில் ஒதுங்கிய உடைந்த பவளத்துண்டையும் பையில் போடக் கூடாது. பிள்ளைகள் ஆசையாய்ப் பொறுக்குவார்கள், விமான நிலைய ஸ்கேனரில் அது அப்படியே தெரியும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கடைசி இரவு பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் சட்டைப்பையையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.