ஊருக்கு போட்டோ ஃபிரேம் கொண்டுபோகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன வைப்பது என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் மனப்பாடம். இது ஒரே ஒரு பொருளைப் பற்றியது: ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, பிள்ளைகளின் படம் மாறி மாறி ஓடட்டும் என்று நாம் வாங்கிக்கொண்டு போகிற டிஜிட்டல் போட்டோ ஃபிரேம். மலிவான ஒன்றைக் கடைசி நேரத்தில் வாங்கி, துணிக்கு நடுவே சொருகிக்கொண்டு போனேன். 12 நாள் விடுப்பில் 5 நாள் அதற்கே போய்விட்டது. அதில் 3 நாள் அத்தைக்கு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வாங்குவது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 1080 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பல சமயம் அந்த அளவுள்ள வீடியோவை அது ஓட்டும் என்றுதான் அர்த்தம். திரையே அவ்வளவு நுணுக்கமானது என்று இல்லை. திரையின் சொந்த அளவு, அதாவது எத்தனை புள்ளி என்பது, எங்காவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். 1024×600 என்றால் விட்டுவிடுங்கள், 1280×800 என்றால் 10 அங்குலத்துக்குத் தாராளம். அதைவிட முக்கியம் ஐபிஎஸ் திரையா என்பது, அதாவது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகையா என்பது. வயதானவர்கள் ஃபிரேமுக்கு நேர் எதிரே நின்று பார்ப்பதில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, நாற்காலியில் பக்கவாட்டாக, கீழிருந்து மேலாகப் பார்ப்பார்கள். சாதாரண மலிவுத் திரையைக் கீழிருந்து பார்த்தால் முகமெல்லாம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி கறுத்துப் போகும்.

திரையின் வடிவத்தையும் பாருங்கள். போனில் எடுக்கும் படம் பொதுவாக 4:3. அகலத் திரையில் அதைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், இல்லையென்றால் திரையை நிரப்புகிறேன் பேர்வழி என்று தலையை வெட்டும். கறுப்புப் பட்டையே மேல். நின்றவாக்கில் எடுத்த படங்கள் நடுவில் ஒரு ஒல்லிக் கீற்றாக வரும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நாம் எடுப்பதில் பாதி அப்படித்தான்.

வைஃபை உள்ளதா, இல்லாததா? நான் வைஃபை உள்ளதைத்தான் வாங்கினேன். இங்கிருந்து போனில் தட்டினால் அங்கே அம்மாவின் மேசையில் படம் வந்து நிற்கும் என்று ஒரு கற்பனை. அம்மா வீட்டில் இணையம் கிடையாது. என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். இந்த வகை ஃபிரேம்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும், போனோ 5 கிகாஹெர்ட்ஸில் நின்றுகொண்டிருந்தது. அமைப்புக்குள் போய் மாற்றிய பிறகு எல்லாம் அழகாக வேலை செய்தது. வேலை செய்து முடித்த பிறகுதான் உறைத்தது: போன் என்னோடு திரும்பிவிடுமே. அந்த வீட்டில் நிலையாக இணையம் இருந்து, அது நின்றால் சரிசெய்ய ஓர் ஆளும் இருந்தால் மட்டும் வைஃபை. அப்போதும் மெமரி கார்டு நுழைகிற துளை இருக்கிறதா, கணக்குத் தொடங்காமலே படம் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விற்ற நிறுவனம் தன் சர்வரை ஒருநாள் மூடிவிட்டால், செயலி வழியாக வரும் படம் அன்றோடு நின்றுவிடும். கார்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

தொடுதிரை நமக்குச் சுலபம். வயதான, வறண்ட விரல்நுனியை அது பல தடவை கண்டுகொள்வதே இல்லை. அம்மா நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, தப்பு தன்னுடையது என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பின்புறத்தில் நிஜப் பொத்தான்கள் இருக்கிற ஃபிரேமாகப் பாருங்கள். ரிமோட் இருந்தால் நல்லது, ஆனால் அது தொலையும்.

அடுத்து, படங்களைத் தயார் செய்வது. இதை இங்கேயே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே ஃபிரேமில் அதே கார்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். நான் செய்யவில்லை. 64 ஜிபி கார்டில் 2,300 படங்களை ஏற்றிக்கொண்டு போய், வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது பெருமையாகச் செருகினேன். கார்டு இல்லை என்றது. எடுத்துத் துடைத்துச் செருகினேன். இல்லை என்றது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கோப்புகளை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அடுக்கும்படி வருகின்றன, மலிவு ஃபிரேம்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் படிக்கத் தெரியும். 32 ஜிபி அல்லது அதற்குக் கீழே வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. அவ்வளவு இடமும் தேவையில்லை. 1280×800 என்பது சுமார் 10 லட்சம் புள்ளிகள்தான், 1.2 கோடிப் புள்ளி உள்ள படத்தை அப்படியே போட்டால் ஃபிரேம் திணறுமே தவிரப் படம் தெளிவாகிவிடாது. நீளப் பக்கத்தை 1280க்குச் சுருக்கினால் ஒரு படம் 300 கேபி அளவுக்கு வரும், 8 ஜிபியிலேயே 20,000க்கு மேல் அடங்கும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம்கூட இந்தத் திரைக்குப் போதும்.

ஐபோன்காரர்கள் கவனிக்க: 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்கள் ஹெச்இஐசி வடிவில் சேமிக்கப்படுகின்றன. மலிவு ஃபிரேம்கள் பல அதைத் திறப்பதில்லை, ஜேபிஜியாக மாற்றித்தான் போட வேண்டும். மேக் கணினியிலிருந்து நகலெடுத்தால் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகள் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, சில ஃபிரேம்களில் நடுநடுவே உடைந்த படமாகத் தெரியும். அழித்துவிடுங்கள். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்தால் 1க்குப் பிறகு 10 வரும், 2 வராது. 001, 002 என்று வையுங்கள். போனில் நேராகத் தெரியும் படம் ஃபிரேமில் பக்கவாட்டாகப் படுத்துக்கொண்டால், திருப்பிச் சேமித்தால்தான் எழுந்து நிற்கும்.

ஃபிரேமோடு வரும் மாதிரிப் படங்களையும் அழித்துவிடுங்கள். எங்கோ இருக்கும் ஒரு அருவியை அம்மா இரண்டு நாள் என் வீட்டுப் பக்கத்தில் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளை அங்கே தனியாக விடாதே என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இனி அத்தை.

ஒருவழியாகப் படம் ஓடத் தொடங்கிய மாலை அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. முக்கால் மணி நேரம் ஃபிரேமுக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரசிக்கிறார் என்று நினைத்தேன், எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "உன் பிள்ளைங்க 61 தடவை வந்தாங்க. உங்க மாமா ஒரு தடவைகூட வரலையேப்பா" என்றார்.

மாமா இறந்து ஆறு வருடம். நான் அப்போதும் வரவில்லை. சரி அத்தை, போட்டுவிடலாம், படம் கொடுங்கள் என்றேன். அங்கேதான் மாட்டினேன். ஏதோ ஒரு படம் போதாது. ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று அவர் சிரிக்கிற படம்தான் வேண்டும். அது எந்த ஆல்பம் என்று தெரியாது. மறுநாள் முழுவதும் பரணிலிருந்து இரும்புப் பெட்டிகளை இறக்கினோம். ஆல்பம் கிடைத்தது. ஒட்டும் பசை பூசிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள வகை. பசை பழுப்பேறி, படம் அட்டையோடு ஒன்றாகிவிட்டிருந்தது. கத்தியை விட்டு நெம்பினேன். ஓரம் பிய்ந்தது. மாமாவுக்கு ஒன்றுமில்லை, ஸ்கூட்டரின் முன் சக்கரம்தான். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

நெம்பாதீர்கள். பக்கத்தோடு சேர்த்தே படம் பிடியுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் கூடாது, போன் ஆல்பத்துக்கு இணையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் பளபளப்புத் தெரிந்தால் ஆல்பத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எடுத்தே ஆக வேண்டும் என்றால், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, ரம்பம் இழுப்பது போல மெதுவாக இழுக்கலாம். ஸ்கேனர் கிடைத்தால், 3.5×5 அங்குலப் பழைய படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். 1050×1500 புள்ளி வரும், ஃபிரேமுக்கு அளவெடுத்தது போல. காலத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் 600.

இதோடு முடிந்திருக்க வேண்டும். படத்தில் மாமா தனியாக இல்லை. பக்கத்தில் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு இன்னொருவர் நிற்கிறார். அவரும் எனக்கு மாமாதான், அம்மாவின் தம்பி. அத்தைக்கும் அவருக்கும் பேச்சு நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "அந்தாள் வரக் கூடாது" என்றார் அத்தை. வெட்டினேன். ஆளை வெட்டலாம், கையை எப்படி வெட்டுவது? மாமாவின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம் நின்றன. போனில் அழிக்கும் கருவியால் தேய்த்துப் பார்த்தேன், தோளே காணாமல் போயிற்று. விரல்களோடு விட்டேன்.

அன்று இரவு ஃபிரேமில் அந்தப் படம் வந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என் தம்பியை வெட்டிட்டியாடா?" என்றாள்.

மூன்றாம் நாள் சமாதானத்திலேயே போனது. கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள்: இரண்டு கார்டு. ஒன்றில் முழுப் படம், ஒன்றில் விரல்கள் மட்டும் உள்ள படம். அத்தை வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டதும் கார்டை மாற்றிக்கொள்வாள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் தனித்தனி ஃபோல்டர் போட்டாலே போதும், பல ஃபிரேம்களில் ஒரு ஃபோல்டரை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். ஆனால் மெனுவுக்குள் இறங்குவதைவிடக் கார்டை மாற்றுவது அம்மாவுக்கு எளிது. ஆகவே கூடுதலாக ஒரு கார்டு கொண்டுபோங்கள். யாரையாவது வெட்ட வேண்டி வரும்.

படங்களை எண்ணும் புத்தி எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் கொண்டுபோன 2,300இல் அம்மா இருந்தது 14 படங்களில். இதை அத்தை எண்ணவில்லை, நான்தான். இங்கிருந்து கிளம்பும் முன்பே எண்ணிப் பாருங்கள்.

இனி ஓட்டுவது பற்றி. படம் மாறும் நேரம் 5 விநாடி என்று வைத்திருந்தார்கள், நானும் அப்படியே விட்டிருந்தேன். "யாருன்னு பார்க்கிறதுக்குள்ள போயிடறாங்களே" என்றாள் அம்மா. படத்தைத்தான் சொன்னாள். 1 நிமிடம் என்று மாற்றினேன். அதன் பிறகும் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள், நிறுத்தும் பொத்தானைக் காட்டிக்கொடுத்தேன். படம் சுழன்றும் சிதறியும் மாறுகிற வித்தைகளை எல்லாம் அணைத்துவிடுங்கள், தலை சுற்றும். பின்னணி இசையையும்தான். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பகலில் ஜன்னல் மட்டுமே தெரியும். மேசை மூலையில் வைத்தால் ஒயர் தடுக்கும், சுவரோடு ஒட்டி வையுங்கள். இந்த ஃபிரேம்களில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது, எப்போதும் பிளக்கில்தான் இருக்க வேண்டும். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் மின்சாரம் பற்றிக் கவலையில்லை, பிளக் முனைக்கு மாற்றி மட்டும் வேண்டும். அந்த மாற்றியை அங்கேயே விட்டுவிட்டு வர மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மெனுவில் தமிழ் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஃபிரேமின் முதுகில் ஒரு தாளை ஒட்டி, போட, நிறுத்த, அடுத்தது என்று பொத்தானுக்கு நேராகப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்தது அதுதான்.

கடிகாரத்தை மறந்துவிட்டேனே. ஃபிரேம் தானே காலை 7க்கு எரிந்து இரவு 10க்கு அணையும்படி வைக்கலாம். வைத்தேன். ஆனால் மலிவானவற்றில் நேரத்தைக் காப்பாற்றி வைக்க உள்ளே தனிப் பேட்டரி இருப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குப் போய், நள்ளிரவிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். அதன் 7 மணி நம் 7 மணியாக இருக்காது. தனியாக இருப்பவர்களுக்கு இந்த வசதியே வேண்டாம், கையால் போட்டு அணைக்கட்டும்.

நான் திரும்பி வந்த இரண்டாம் வாரம் அம்மா போனில் சொன்னாள்: "முந்தாநாள் சாயங்காலம் கரண்ட் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு திடீர்னு வெளிச்சம். பார்த்தா எல்லாரும் வந்துட்டீங்க."

பயந்துவிட்டாயா என்றேன்.

"இல்லடா. எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்."

நேரத்தைச் சரிசெய்ய எந்தப் பொத்தான், எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம், அது பாட்டுக்கு இருக்கட்டும், நேற்றும் அதே நேரத்துக்குத்தான் வந்தீர்கள் என்றாள்.