பார்டர் சொதப்பிவிட்டதா? குவில்ட்டை முடிக்கும் முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்புதான் குவில்ட். அதன் நடுப்பகுதி நினைத்தபடியே வந்திருக்கும். சுற்றிலும் வரும் பட்டையான பார்டரை வைத்துத் தைத்ததும் மொத்தமும் களையிழந்து போகும். இல்லையென்றால், தரையில் விரித்தால் நடுப்பகுதி சமமாகப் படியும், ஓரம் மட்டும் பொரித்த அப்பளம் போல நெளியும். “மேலே குவில்ட் தையல் போட்டால் சரியாகிவிடும்” என்று பஞ்சை வைத்துத் தைக்க உட்காராதீர்கள். நிறம் பிடிக்காத பார்டரைத் தையலால் ஓரளவு சமாளிக்கலாம். அளவு தப்பிய பார்டரைச் சமாளிக்க முடியாது, தைக்கத் தைக்க மடிப்பு விழும்.

அதனால் முதல் வேலை, குறை அளவிலா, தோற்றத்திலா, துணியிலா என்று பிரித்துப் பார்ப்பது. கணக்குக்கு ஓர் உதாரணம்: 9 இன்ச் பிளாக்குகள் (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரங்கள்), அகலத்தில் 4, நீளத்தில் 5. நடுப்பகுதி 36 × 45 இன்ச். சுற்றிலும் 6 இன்ச் அரக்கு நிற பார்டர். தைத்து முடித்தால் 48 × 57 இன்ச்.

படி 1: தரையில் விரித்து அளங்கள்

கட்டிலில் விரிக்காதீர்கள், மெத்தை நெளிவை மறைத்துவிடும். தரையில் விரித்து, கையால் இழுக்காமல் தடவிவிட்டு, டேப்பை நீளவாக்கில் நடுவில் வைத்து அளங்கள். பிறகு இரண்டு ஓரங்களிலும் அளங்கள். நடுவில் 57½ இன்ச் (ஓரத்தில் தையலுக்கு விட்ட கால் இன்ச்சுகளும் சேர்த்து), ஓரத்தில் 58¾ என்று வந்தால், 1¼ இன்ச் துணி போக இடமில்லாமல் அலையாக நிற்கிறது என்று அர்த்தம்.

இது ஏன் வருகிறது? நீளமான துண்டை ஓரத்தில் வைத்து, அளக்காமலே தைத்துக்கொண்டு போய், மிச்சத்தைக் கத்தரிப்பதால். நடுப்பகுதியின் ஓரம் முழுக்கத் தையல்கள். பலமுறை கைபட்டு, இஸ்திரி பட்டு அது கொஞ்சம் நீண்டிருக்கும். அளக்காமல் வைக்கும் பார்டர் அந்த நீண்ட அளவையே பிடித்துக்கொள்ளும். பார்டரைக் குறுக்குவாக்கில் வெட்டியிருந்தால் இன்னும் மோசம். துணியின் கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் அதிகம் இழுபடாது, ஊடை நூல் இழுபடும், கிராஸாக வெட்டியது ரப்பராக இழுபடும்.

வித்தியாசம் அரை இன்ச்சுக்குள் இருந்தால் பிரிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தால் பருத்தித் துணி கொஞ்சம் அடங்கும், மிச்சத்தை பைண்டிங் (கடைசியில் விளிம்பை மூடித் தைக்கும் பட்டை) பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். ஓரம் நடுவைவிடக் குறைவாக இருந்து மூலைகள் உள்ளே இழுத்தாலும் பிரிக்க வேண்டியதுதான்.

படி 2: மடித்துப் பாருங்கள்

அளவு சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் பழி நிறத்தின் மேல் விழும். உண்மையில் பாதிக் குற்றம் அகலத்தினுடையது. பார்டரைப் பின்பக்கம் மடித்துக் குண்டூசி குத்தி, முதலில் 4 இன்ச் மட்டும் தெரியும்படி வையுங்கள். பிறகு 3, பிறகு 1½, கடைசியில் பார்டரே தெரியாதபடி. ஒவ்வொன்றையும் பத்தடி தள்ளி நின்று போனில் படம் எடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நடுப்பகுதியில் எங்குமே இல்லாத அளவுக்கு பார்டர் கருத்தோ வெளுத்தோ தெரிந்தால், கண் அங்கேயே போய் நிற்கும். அதுதான் உங்களை உறுத்துவது.

தொடங்குபவர்களுக்கு ஒரு கைக்கணக்கு: பிளாக் அளவில் மூன்றில் ஒரு பங்கு பார்டர் போதும். 9 இன்ச் பிளாக்குக்கு 3 இன்ச். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் மக்களின் பழைய குவில்ட்டுகளில் மிக அகலமான வெற்று பார்டர்கள் உண்டு. அவை எடுபடுவதற்குக் காரணம், அந்த வெற்றிடத்தை நிறைத்திருக்கும் நெருக்கமான கைத்தையல். அந்த உழைப்பு இல்லாமல் அகலத்தை மட்டும் எடுத்தால் துணி காலியாகத்தான் தெரியும்.

படி 3: சாயம் போகிறதா?

இதை யாரும் செய்வதில்லை, முதல் சலவையில் அழுவார்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, பார்டரின் ஓரத்தில் இருபது முறை தேயுங்கள். பிறகு அதே ஈரத்துணியை பார்டர் மேல் வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், அந்த பார்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றுங்கள். அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில்தான் இது அதிகம். கல் உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். பருத்தியில் ஏற்கெனவே ஏறிய சாயத்தை அவை பிடித்து நிறுத்துவதில்லை. நம்பி இறங்காதீர்கள்.

படி 4: எந்த வழி?

அளவு சரி, அகலம்தான் அதிகம் என்றால் வெட்டிக் குறையுங்கள். பார்டர் தையலிலிருந்து 3¼ இன்ச் அளந்து கோடு போட்டு வெட்டினால், முடிந்தபின் 3 இன்ச் நிற்கும். குவில்ட் 42 × 51 ஆகும். வெட்டி எடுத்த 3 இன்ச் துண்டுகளை எறியாதீர்கள். 2½ இன்ச்சாகச் சீவினால் அவையே பைண்டிங். நாலு துண்டும் சேர்ந்து சுமார் 200 இன்ச் வரும், தேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இணைப்பில் போவதால் சில இன்ச் குறைந்தால், நடுப்பகுதித் துணியில் ஒரு துண்டை இடையில் சேருங்கள். அது வேண்டுமென்றே வைத்தது போலத்தான் தெரியும்.

நிறம் நடுப்பகுதியோடு முட்டுகிறது, ஆனால் அந்தத் துணியை விட மனமில்லை என்றால், பார்டரைப் பிரித்து இடையில் 1 இன்ச் பட்டை கொடுங்கள். வெட்டும் அகலம் 1½ இன்ச். வெளிர் நடுப்பகுதிக்கும் கரும் பார்டருக்கும் இடையே, நடுப்பகுதியில் இருப்பதிலேயே கருமையான நிறம் பெரும்பாலும் பொருந்தும். புது நிறம் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் பிரச்சினை இரண்டாகும்.

பார்டர் சப்பென்று இருக்கிறது என்றால் நான்கு மூலைகளிலும் மிச்சத் துணியில் சதுரம் வைக்கலாம். 3 இன்ச் பார்டருக்கு 3½ இன்ச் சதுரம்.

எதுவும் ஒத்துவரவில்லையா? பார்டரே வேண்டாம். கழற்றிவிட்டு நேராக பைண்டிங் தையுங்கள். பார்டர் இல்லாத குவில்ட் குறைபட்டது என்று எந்தச் சட்டமும் இல்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்து சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டில் தனியாக பார்டர் கிடையாது. ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுத் துணிகளை மடித்து வைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள்.

படி 5: பிரித்து, மறுபடி வைப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். இரண்டு துணியையும் பிடித்து இழுத்துப் பிரித்தால் ஓரம் இன்னும் நீளும். தையல் பிரிக்கும் கருவியால் ஒரு பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுதாக வந்துவிடும். நூல் பிசிறுகளைப் பொறுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே ஒரு சாதாரணத் தையல் ஓட்டுங்கள். பிளாக் தையல்கள் வாய் பிளக்காது, ஓரமும் மேற்கொண்டு நீளாது.

புது பார்டர் துணியைக் கடையிலிருந்து வந்ததும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். 3 இன்ச் பார்டர் மட்டும் என்றால் 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) ஒன்றேகால் மீட்டர் போதும். இடையில் பட்டையும் வைப்பதாக இருந்தால் ஒன்றரை மீட்டர். கரைப்பகுதியை நீக்கிவிட்டு, கரைக்கு இணையாக நீளவாக்கில் 3½ இன்ச் அகலத்தில் நான்கு துண்டுகள் வெட்டுங்கள். நீளத்தை இப்போது முடிவு செய்யாதீர்கள்.

நடுப்பகுதியின் நீளத்தை மூன்று இடத்தில் அளங்கள்: சரியாக நடுவில் ஒன்று, அதன் இருபுறமும் பாதி தூரத்தில் ஒவ்வொன்று. ஓரத்தில் அளக்கவே கூடாது, நீண்டிருப்பதே அதுதான். 45¼, 45½, 45¾ என்று வந்தால் சராசரி 45½. இரண்டு பக்க பார்டர்களையும் சரியாக 45½ இன்ச்சுக்கு வெட்டுங்கள். நடுப்பகுதியின் ஓரம் 46 இருந்தாலும் பார்டர் 45½ தான்.

பார்டரையும் நடுப்பகுதியையும் தனித்தனியே இரண்டாக மடித்து நடுவில் குறி, மறுபடி மடித்துக் கால் பாகத்தில் குறி. முனைகள், நடு, கால் குறிகளைச் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். பிறகு இடையில் இரண்டு இன்ச்சுக்கு ஒன்று. நீளம் கூடிய துணி, அதாவது நடுப்பகுதி, கீழே இருக்கட்டும். மெஷினின் பல் கீழ்த்துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இழுக்கும் என்பதால் அந்த அரை இன்ச் தானாகவே அடங்கும். பார்டரைக் கீழே வைத்தால் பழைய நெளிவுதான் திரும்பவும். கால் இன்ச் விட்டு, தையல் நீளம் 2½ மில்லிமீட்டரில் தையுங்கள்.

பக்கங்கள் இரண்டும் முடிந்து இஸ்திரி போட்ட பிறகுதான் மேல், கீழ் பார்டர்களை அளக்க வேண்டும். கணக்குப்படி 36½ உடன் 6 சேர்த்து 42½. உங்கள் டேப் 42¼ என்றால் 42¼ தான் வெட்ட வேண்டும். இடையில் பட்டை வைத்தால் அதற்கும் இதே வரிசை: பட்டையின் பக்கத் துண்டுகள் 45½, மேலும் கீழும் 38½. அதன் பின் வெளி பார்டர் பக்கங்கள் 47½, மேலும் கீழும் 44½.

மூலைச் சதுரம் வைப்பவர்கள் நான்கு பக்கங்களையும் முதலிலேயே அளந்துவிடுங்கள். மேல், கீழ் துண்டுகள் 36½ இன்ச், அவற்றின் இரு முனைகளிலும் சதுரத்தை இணைத்த பிறகு பொருத்துங்கள்.

பஞ்சு வைத்துத் தைத்துவிட்ட பிறகு தெரிந்தால்

இப்போது பார்டரைப் பிரிப்பது பெரிய வேலை, தேவையும் அநேகமாக இருக்காது. முதலில் தையல் நெருக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒன்றரை இன்ச்சுக்கு ஒரு கோடு, பார்டரில் ஐந்து இன்ச்சுக்கு ஒன்று என்றிருந்தால், நடுப்பகுதி சுருங்கி பார்டர் சுருங்காமல் நிற்கும். நெளிவுக்குக் காரணம் அதுவே. பார்டரிலும் அதே நெருக்கத்தில் கோடுகள் போடுங்கள், அடங்கிவிடும்.

அப்படியும் அடங்காவிட்டால், ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே பெரிய ஓட்டுத் தையல் போட்டு, நூலை மெல்ல இழுத்து, ஓரத்தை நடு அளவுக்குக் கொண்டுவந்து முடிச்சிடுங்கள். பைண்டிங் அந்தச் சுருக்கத்தைப் பிடித்து வைக்கும்.

பார்டரையே நீக்க வேண்டுமானால், பார்டர் தையலுக்கு வெளியே கால் இன்ச் விட்டு மூன்று அடுக்கையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டும் முன் கோட்டுக்குச் சற்று உள்ளே மெஷினில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், அறுபட்ட குவில்ட் நூல்கள் அவிழாது. பைண்டிங் தையல் சரியாகப் பழைய பார்டர் தையல் மேலேயே விழும். பிளாக்குகளின் கூர்முனைகள் மறையாது.

பைண்டிங்

42 × 51 குவில்ட்டின் சுற்றளவு 186 இன்ச். மூலைகளுக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்து 196. 44 இன்ச் பன்னாவில் கரை போக 42 கிடைக்கும். 2½ இன்ச் பட்டைகள் ஐந்து தேவை, 40 சென்டிமீட்டர் துணி போதும். பட்டைகளைச் சாய்வாக இணைத்து நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். நிறம்? பார்டர் மேல் இன்னும் மனத்தாங்கல் இருந்தால் பார்டர் துணியிலேயே பைண்டிங் போடுங்கள், விளிம்பு கண்ணில் படாமல் போகும். வேறு நிறத்தில் போட்டால் பார்டருக்குச் சட்டம் போட்டு மாட்டியது போலாகிவிடும்.

ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, தொடக்கத்தில் எட்டு இன்ச் வால் விட்டுத் தையுங்கள். மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி, ஊசியை எடுத்து, பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்துத் திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். மூலை வரை போய்விட்டால் பின்பக்கம் திருப்பும்போது மூலை உருண்டுவிடும். திருப்பிய விளிம்பை முன்பக்கத் தையல் மறையும்படி இழுத்து, கால் இன்ச்சுக்கு ஒன்றாகக் கையால் ஒளிதையல் போடுங்கள்.