தீம் பார்க்கில் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் தீம் பார்க்குக்குக் கிளம்புவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் பெரிது. ராத்திரி ரயிலோ வேனோ பிடித்து, விடியற்காலையில் எங்கேயாவது குளித்து, பார்க்கில் ஒரே ஒரு பகல் இருந்துவிட்டு அன்று ராத்திரியே ஊர் திரும்ப வேண்டும். சென்னைக்காரர்கள் விட்டதை இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம், நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால் டிக்கெட் எடுக்கும்போது ஃபாஸ்ட் டிராக், எக்ஸ்பிரஸ் என்று கூடுதல் விலையில் ஒன்று கண்ணில் பட்டால் மனசு அங்கே போகத்தான் செய்யும். வாங்கலாமா என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: போகிற நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது. நாள் உங்கள் கையில் இல்லையென்றால் வாங்குங்கள், ஆனால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் வாங்காதீர்கள்.

முதலில் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ரைடுகளுக்கு முன்னால் இரண்டு வரிசை இருக்கும், ஒன்று பொது வரிசை, இன்னொன்று கூடுதல் கட்டியவர்களுக்கு. ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டும் ஒன்றாகச் சேரும், அங்கே நிற்கும் ஊழியர் இந்தப் பக்கம் இத்தனை பேர் அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று பிரித்து உள்ளே விடுவார். ஆகவே போனவுடன் ஏறிவிடலாம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. திருநள்ளாறில் சனிக்கிழமை கட்டண தரிசனத்துக்கு நின்றவர்களுக்கு இது புரியும், கூட்டம் அதிகமான நாளில் கட்டண வரிசையும் நீளமான வரிசைதான்.

விற்கும் முறை பார்க்குக்குப் பார்க் மாறும், ஏமாற்றம் வருவதும் பெரும்பாலும் இங்கேதான். வொண்டர்லா மாதிரியான நம் ஊர்ப் பார்க்குகளில் நுழைவுக் கட்டணமும் சேர்ந்த தனி டிக்கெட்டாக ஃபாஸ்ட் டிராக்கை விற்கிறார்கள். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் எக்ஸ்பிரஸ் என்பது நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தனியாக வாங்குவது, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் வாசலைத் தாண்ட முடியாது. டிஸ்னியில் சில ரைடுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டும் முறையும் உண்டு. அதே டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஆரம்பித்தபோது அது இலவசம், நேரம் அச்சடித்த சீட்டை எடுத்துக்கொண்டு வேறு ரைடுக்குப் போய்விட்டு அந்த நேரத்துக்கு வந்தால் போதும். அமெரிக்காவில் 2021இல் அது ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவையாக மாறியது, 2024 ஜூலையில் அதற்கும் பெயர் மாறி லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் ஆனது. பெயரும் விதியும் இவ்வளவு வேகமாக மாறுவதால், உறவுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன் போய்வந்து சொன்னதை வைத்து முடிவு எடுக்காதீர்கள், போகிற வாரம் பார்க்கின் சொந்தத் தளத்தில் படித்துப் பாருங்கள்.

படிக்கும்போது தேட வேண்டியவை: ஒரு ரைடுக்கு ஒரே தடவையா, எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாமா? எந்தெந்த ரைடுகளில் செல்லும்? நீர் விளையாட்டுகள் அதில் சேருமா? சின்னப் பிள்ளைகளுக்கும் அதே விலையா? காட்டும் விலை வரி சேர்ந்ததா? இதில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். நீங்கள் ஆசைப்பட்டு வந்த அந்த ஒரு ரைடு பட்டியலில் இல்லாமல் போனால் மற்றதெல்லாம் இருந்து என்ன?

அடுத்தது கணக்கு. ஒரு ரைடின் முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வண்டியில் எத்தனை இருக்கை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது, உங்களுக்கு முன்னால் ஏறத்தாழ எத்தனை பேர், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். 20 பேர் உட்காரும் வண்டி இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 480 பேர் போகலாம், முன்னால் 240 பேர் இருந்தால் அரை மணி நேரம். இப்போது அந்த 20 இருக்கையில் 8ஐக் கூடுதல் கட்டியவர்களுக்குக் கொடுத்தால் பொது வரிசைக்கு மணிக்கு 288 இடம்தான் மிஞ்சும், அதே 240 பேர் 50 நிமிடம் நிற்பார்கள். வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். பக்கத்து வரிசையில் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் பணம். ஒரு உதாரணத்துக்குத் தலைக்கு 1,000 ரூபாய் கூடுதல், ஐந்து பேர், ஆக 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை ஆறு பெரிய ரைடுகளுக்குத் தலா 15 நிமிடம் நிற்க வேண்டியிருந்தால் மொத்தமே ஒன்றரை மணி நேரம், 5,000 கொடுத்தாலும் அதற்கு மேல் மிச்சமாகாது. மே மாத ஞாயிற்றுக்கிழமை அதே ஆறுக்கும் தலா 45 நிமிடம் என்றால் நாலரை மணி நேரம் வரிசையிலேயே போய்விடும், ஒரே பகலில் அது பாதிக்கு மேல். அந்தச் செவ்வாய்க்கிழமை என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல சாப்பாடு வாங்கிச் சாப்பிடுங்கள். மே மாத ஞாயிறு என்றால் கொடுப்பது வீண் இல்லை.

ஆக எல்லாம் நாளில்தான் இருக்கிறது, அங்கே டெல்டாக்காரர்களுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. நமக்கு உள்ளூர் விடுமுறை வருகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருவாரூர் மாவட்டத்தில், நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்தில், ஐப்பசி சதயத்துக்குத் தஞ்சாவூரில், கடைமுக தீர்த்தவாரிக்கு மயிலாடுதுறையில் பள்ளிக்கூடம் லீவு. சென்னையில் அன்றைக்கு வேலை நாள்! சென்னைப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது நம் பிள்ளைகள் பார்க்கில் இருக்கலாம். திருவிழாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்பீர்கள், நியாயம்தான், தேர் பார்க்காமல் போகச் சொல்ல எனக்கும் மனசு வராது. ஆனால் திருவாரூர் மாவட்டத்திலேயே முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பக்கம் அன்று வீட்டிலேயே இருக்கிற குடும்பங்கள் நிறைய. ஐப்பசியில் வரும் லீவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அது வடகிழக்குப் பருவமழைக் காலம், இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கூடுதல் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள்.

உள்ளூர் லீவு ஒத்துவரவில்லையென்றால் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்று. பொங்கல் வாரம், காலாண்டு, அரையாண்டு லீவு, மே மாதத்துச் சனி ஞாயிறு இவற்றைத் தவிர்க்க முடியவில்லை என்றால்தான் ஃபாஸ்ட் டிராக் பக்கம் பாருங்கள். விவசாயக் குடும்பத்துக்கு இந்தத் தேர்வு இன்னும் குறுகல், சம்பா அறுவடை முடிந்து கையில் காசு வந்து மூச்சு விடும்போது பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கிவிடும், அது முடிந்தால் கோடைக் கூட்டம். அந்த வீடுகளில் பெரிய ரைடு ஏறப்போகிறவர்களுக்கு மட்டும் வாங்கிக்கொள்வது சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஏறப்போகிறவர்கள் யார்? இதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடியுங்கள். பத்துப் பேர் போனால் சித்தி, "எனக்கு இதெல்லாம் வேணாம்ப்பா, நான் பையெல்லாம் பாத்துக்கறேன்" என்பார். தாத்தாவுக்கு முதுகு வலி. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய ரைடுகளில் ஏறக்கூடாது. பிள்ளைகளைச் சுவரில் நிறுத்தி உயரம் அளந்து பாருங்கள், பெரிய ரோலர் கோஸ்டர்களில் 120 முதல் 140 செ.மீ. வரை கேட்பது வழக்கம், 132 செ.மீ. உள்ள பையனுக்குப் பணம் கட்டிவிட்டு அங்கே போய் அவன் அழுவதைப் பார்க்க வேண்டாம். கழித்துப் பார்த்தால் பத்துப் பேரில் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த நாலு பேருக்கு எடுத்தால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் நான் வேறு மாதிரி சொல்வேன். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் எல்லோருக்கும் எடுங்கள், இல்லை யாருக்கும் எடுக்காதீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் தனி வரிசையில் போக, கூட உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் வெயிலில் நின்று பார்ப்பது சரியே இல்லை. கூட்டிப் போகிற டீச்சர்கள் பணம் வசூலிக்கும்போதே இதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

ஃபாஸ்ட் டிராக் வாங்காமலே வரிசையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கேட் திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் இருங்கள். நாம் ராத்திரிப் பயணம் செய்து போவதால் இது நமக்குச் சுலபம்: திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவுக்குப் போகிறவர்கள் உழவன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை, செங்கல்பட்டிலேயே இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உள்ளே நுழைந்ததும் வாசலை ஒட்டிய ரைடில் நின்றுவிடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். நேராகப் பெரிய ரோலர் கோஸ்டருக்கு நடங்கள். அந்தப் பார்க்கில் அதற்குத் தஞ்சோரா என்று நம் ஊர்ப் பெயர், தண்டவாளத்துக்குக் கீழே காலைத் தொங்கவிட்டபடி போகிற வகை, சுவிட்சர்லாந்தின் போலிஜர் அண்ட் மாபிலார்ட் நிறுவனம் செய்தது. நம் பிள்ளைகள் முதலில் அங்கேதான் ஓடுவார்கள், ஓடட்டும்.

மதியத்துக்கு மேல் வெயில் தாங்காமல் கூட்டம் தண்ணீர்ப் பக்கம் சாயும். அலைக்குளத்துக்கு வரிசை கிடையாது, ஆகவே அங்கே கழிக்கிற இரண்டு மணி நேரத்துக்கு ஃபாஸ்ட் டிராக் எதையும் மிச்சப்படுத்தாது. மற்றவர்கள் தண்ணீரில் இருக்கும்போது விட்டுப்போன உலர் ரைடுகளை முடித்துவிட்டு நீங்கள் கடைசியில் தண்ணீருக்குப் போகலாம், பிள்ளைகள் ஒத்துக்கொண்டால். பருத்தித் துணியோடு தண்ணீரில் விடமாட்டார்கள், நைலான் உடை ஊரிலேயே வாங்கிக்கொண்டால் அங்கே கடை வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம். புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வேனிலேயே வைத்து நுழையும் முன் சாப்பிட்டுவிடுங்கள், வெளிச் சாப்பாட்டை உள்ளே அனுமதிப்பதில்லை. 12 மணிக்குள் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் சாப்பிடப் போகும் ஒரு மணிக்கு நீங்கள் ரைடில் இருங்கள்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கம் சிங்கப்பூரில் அண்ணனோ அத்தானோ இல்லாத தெரு குறைவு, திருச்சியில் ஏறினால் நேராக அங்கே இறங்கலாம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குப் போக மே மாதத்து முதல் மூன்று வாரங்களில் ஒரு வேலை நாளைப் பிடியுங்கள். நமக்குக் கோடை விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி நடக்கும், அவர்களுடைய நடுவாண்டு விடுமுறை ஜூனை ஒட்டித்தான் தொடங்கும். மே தினமும் விசாக தினமும் அங்கே பொது விடுமுறை, அந்த நாட்களை விடுங்கள். எக்ஸ்பிரஸ் எடுப்பதாக இருந்தால் சாதாரண எக்ஸ்பிரஸ் ரைடுக்கு ஒரு தடவை, அன்லிமிடெட் எத்தனை தடவை வேண்டுமானாலும், நாளைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். எக்ஸ்பிரஸ் இல்லாமலே சில ரைடுகளில் தனியாளுக்கென்று ஒரு வரிசை உண்டு, வண்டியில் மிஞ்சும் ஒற்றை இருக்கையில் உட்கார வைப்பார்கள், காசு கிடையாது. சேர்ந்து உட்காராவிட்டால் பரவாயில்லை என்கிற பெரிய பிள்ளைகளுக்கு இதுவே போதும். கைக்குழந்தையோடு போகிற தம்பதி யுனிவர்சல், டிஸ்னி பார்க்குகளில் மாற்றி ஏறும் வசதியை வாசலிலேயே கேளுங்கள், ஒருவர் ஏறிவந்ததும் மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம்.

கடைசியில் வாங்குவது என்று முடிவானால், போவதற்கு முதல் நாள் ராத்திரி வரை காத்திருங்கள். நுழைவு டிக்கெட் தனி, எக்ஸ்பிரஸ் தனி என்கிற இடத்தில் உள்ளே போய் வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டுக்கூட வாங்கலாம், ஆனால் விடுமுறை நாளில் தீர்ந்துபோகும் என்பதால் அன்றைக்கு மட்டும் முன்பே எடுங்கள். கையில் கட்டும் பட்டையைத் தண்ணீரில் ஆடும்போது பிய்த்துக்கொள்ளாமல் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நீங்கள் பணம் கட்டிய ரைடு பழுதாகிப் பாதி நாள் நின்றுவிட்டால் ஊருக்குத் திரும்பிய பிறகு மெயில் போடலாம் என்று விடாதீர்கள், டிக்கெட்டோடு அன்றைக்கே, கிளம்புவதற்கு முன், உதவிக் கவுன்டரில் போய்க் கேளுங்கள்.