பார்வைப் பயிற்சிக்குப் பொருள் வாங்கும் முன்

பார்வை குறைந்த குழந்தை பொம்மையை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், "கிட்ட வெச்சுப் பாக்காத, கண்ணு கெட்டுப்போயிடும்" என்று கையை இழுத்துவிடுகிறார்கள். சிறப்பாசிரியராக நான் போன வீடுகளில் அதிகம் கண்ட தவறு இதுதான். இந்தப் பயம் பழையது. மிச்சப் பார்வையைப் பயன்படுத்தினால் அதுவும் போய்விடும் என்று அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் காத்தார்கள். சிறிதளவே பார்வையுள்ள குழந்தைகளும் பயிற்சியால் அதை இன்னும் நன்றாகப் பயன்படுத்தக் கற்கிறார்கள் என்று 1964-இல் வெளிவந்த தன் ஆய்வில் அந்நாட்டுச் சிறப்புக் கல்வியாளர் நட்டாலி பராகா காட்டினார். கண்ணின் நோய் அதனால் மாறாது. இருக்கும் பார்வையைப் பயன்படுத்தும் திறன்தான் வளரும். கிட்டே பிடித்தால் பொருள் பெரிதாகத் தெரிகிறது. அந்த வழியைப் பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கிறது. விட்டுவிடுங்கள்.

தலையைச் சாய்த்துப் பார்ப்பதும் அப்படித்தான். கண் ஆடும் குழந்தைகள் பலருக்கு, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அந்த ஆட்டம் குறையும். "நேரா உக்காரு" என்று முகத்தைத் திருப்பினால், தெரிந்ததும் தெரியாமல் போகும்.

இனி பொருட்களுக்கு வருவோம். கடையில் விற்கும் ஃபிளாஷ் கார்டில் ஒரு ஆப்பிள், அதற்குச் சிரிக்கும் முகம், பின்னால் மேகம், கீழே எழுத்து. நமக்கு அழகு. பிள்ளைக்கோ எது ஆப்பிள் என்று பிரித்தெடுப்பதே பெரும்பாடு. மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு இருந்தால் இந்த நெரிசல் இன்னும் கடினம். கண் நன்றாக இருந்தும், கண்டதை மூளை பிரித்தறிய முடியாத நிலை அது. கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் ஒரே ஒரு மஞ்சள் கிண்ணம் வையுங்கள். படத்துக்கு முன்னால் நிஜப் பொருள் வரட்டும்: தொட்டு, முகர்ந்து, உரித்துத் தின்ற வாழைப்பழத்தைத்தான் பிறகு படத்தில் அடையாளம் காணும். அம்மாக்களே, பூப்போட்ட சேலையின் மடியில் வைத்துப் பொம்மை காட்டினால் பொம்மை சேலைக்குள் மறைந்துவிடும். அந்த நேரத்துக்கு மடிமேல் ஒரு வெற்றுத் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அட்டைகளை லேமினேஷன் செய்வதும் வேண்டாம். விளக்கொளி பட்டுப் பளபளத்தால் படம் கூச்சத்தில் கரைந்துபோகும். காட்டுபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதும் அதே கெடுதல்தான். வெளிச்சம் பிள்ளையின் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும்.

பெரிதாக்கினால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணமும் தவறு. பார்வைப் பரப்பு சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோலப் பார்க்கும் குழந்தைக்குச் சுவர் அளவு யானைப் படம் காட்டினால் சாம்பல் நிறம் மட்டும்தான் தெரியும். அதற்குச் சிறிய, தெளிவான படம் வேண்டும். வெளிச்சத்திலும் ஒரே விதி செல்லாது: விழித்திரை நோயுள்ள பலருக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், நிறமிக் குறைபாட்டால் தோலும் முடியும் வெளுத்திருக்கும் பிள்ளைக்கு அதே வெளிச்சம் கண்ணைக் குத்தும். ஆகவே பொருள் வாங்கும் முன் கண் மருத்துவரிடம் நோயின் பெயரைவிட, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், எந்த வெளிச்சம் என்று கேளுங்கள். வலிப்பு உள்ள குழந்தைக்கு மினுக்கும் விளக்குப் பொம்மையை அவரிடம் கேட்காமல் தரவே கூடாது. டார்ச்சை யார் கண்ணுக்குள்ளும் அடிக்க வேண்டாம். பொருளின் மேல் அடியுங்கள்.

பிறகு, அவசரம். பொருளைக் காட்டி, பெயரைச் சொல்லி, கிலுக்கி, பதில் வராததால் அடுத்ததை எடுத்துவிடுகிறோம். சில குழந்தைகளுக்குப் பார்வை திரும்பவே நேரமாகும். நான் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். பத்தொன்பதில் கண் திரும்பியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே காட்டினால் பிள்ளை நம் குரலைக் கேட்கும், பொருளை விட்டுவிடும்.

பயிற்சியை அரைமணி நேர வகுப்பாக ஒதுக்கிவிடாதீர்கள். எவர்சில்வர் தட்டில் வைத்த இட்லி பளபளப்பில் தொலைந்துபோகும். அதையே பச்சை வாழையிலையில் வைத்தால் விரல் தடவாமல் நேராகப் போகும். பாலை அடர்நீல டம்ளரில் ஊற்றுங்கள். மருத்துவர் எழுதித் தந்த கண்ணாடி இருந்தால், பள்ளிக்கு மட்டும் என்று பெட்டியில் வைக்காமல், அந்த இட்லி வேளையிலும் போட்டுவிடுங்கள்.